சனிக்கிழமைப் பை

ஜூன் 7, சனி

இவர் என்ன சாப்பிட்டார், எவ்வளவு தண்ணீர் குடித்தார் என்று தினமும் எழுதிவைக்கச் சொன்னாள் ஆஸ்பத்திரியில் உணவு முறை சொல்லித்தரும் பெண். அதற்காகத்தான் இந்த டைரி. எனக்கு எழுதும் பழக்கம் கிடையாது. ரவிக்கை அளவு குறிப்பதோடு சரி.

இவருக்கு டயாலிசிஸ் ஆரம்பித்த பிறகு இன்றுதான் முதல் பண்ணைப் பை வந்தது. ஆனைகட்டிப் பக்கம் நாச்சிமுத்து என்பவருடைய தோட்டத்தில் வருடப் பங்கு எடுத்திருக்கிறோம். அந்த வாரம் மண்ணில் எது விளைகிறதோ அதைச் சனிக்கிழமை காலையில் ஒரு பையில் போட்டு அவரே வேனில் கொண்டுவந்து தருவார். இது வேண்டும், அது வேண்டாம் என்று கேட்க முடியாது. இவர் பம்ப் கம்பெனியில் ஃபோர்மேனாக இருந்தபோது, உடம்பு நன்றாக இருந்த நாளில், ஆசைப்பட்டுச் சேர்ந்தார்.

பையில் முருங்கைக்காய், தண்டுக்கீரை, தக்காளி, பருவத்தின் கடைசி மாம்பழம், ஒரு சுரைக்காய். சுரைக்காயைத் தவிர எல்லாமே இவருக்கு ஆகாதவை. அவற்றில் பொட்டாசியம் அதிகமாம். சிறுநீரகம் அதை வெளியேற்றாவிட்டால் ரத்தத்தில் சேர்ந்து இதயத்தையே நிறுத்திவிடுமாம்.

"எல்லாத்தையும் எடுத்து மேசை மேல வெய்யி நாயகி. பாத்துக்கறேன்" என்றார். ஒவ்வொன்றாகக் கையில் எடுத்தார். கீரையின் வேரில் ஒட்டியிருந்த மண்ணை விரலால் தேய்த்து மோந்து பார்த்தார். பிறகு நான் எல்லாவற்றையும் பக்கத்து வீட்டுக் கல்பனாவிடம் கொடுத்துவிட்டேன்.

சுரைக்காயைப் பொடியாக நறுக்கி, வெந்நீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, மறுபடி நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அதையும் வடித்துக் கொட்டினேன். காயில் இருப்பது எல்லாம் தண்ணீரோடு போய்விட வேண்டும் என்பதுதான் கணக்கு. உப்பு பேருக்குப் போட்டேன்.

"எப்பிடியிருக்குதுங்க?"

"சூடா இருக்குது" என்றார்.

ஜூன் 10, செவ்வாய்

டயாலிசிஸ். மிச்சச் சுரைக்காய்.

ஜூன் 14, சனி

நாச்சிமுத்து வாசலில் நின்று, "அண்ணனக் காணோமுங்களே? போன வாரத் தக்காளி எப்படீங்க இருந்துது? அண்ணன் போன் பண்ணிச் சொல்லுவாரு, இந்தத் தடவ சத்தமே இல்லீங்களே" என்றார்.

"நல்லா இருந்துதுங்க" என்றேன். கல்பனா வீட்டில் அதைத் தொக்கு வைத்தார்கள். மணம் இங்கே வரை வந்தது, அதனால் பொய் இல்லை.

பீர்க்கங்காய், கத்தரிக்காய், ஒரு கட்டு முருங்கைக்கீரை. பீர்க்கங்காய் இவருக்கு ஆகும்.

ஜூன் 24, செவ்வாய்

டாக்டர் எங்கள் இருவரையும் உட்காரவைத்துப் பேசினார். டயாலிசிஸ் செய்துகொண்டே காலம் தள்ளலாம், ஆனால் மாற்றுச் சிறுநீரகம் வைப்பதுதான் நல்லது என்றார். இவருடைய இதயம் இப்போது தாங்கும், நாளாக ஆகப் பலவீனப்படும், அதற்குள் செய்துவிட வேண்டுமாம்.

"வீட்ல யாராவது குடுக்க வந்தாங்கன்னா சீக்கிரம் முடிச்சிரலாம்."

இவருடைய அக்கா சரோஜினிக்குச் சர்க்கரை. எங்கள் மகள் சிந்துஜா ஓசூரில் ஏழு மாதக் கர்ப்பிணி. இதைச் சொல்லி முடித்ததும் டாக்டர் என்னைப் பார்த்தார். இவர் ஜன்னலைப் பார்த்தார்.

பொருத்தம் பார்க்க எனக்கும் ரத்தம் எடுத்துக்கொண்டார்கள்.

மாலையில் பீர்க்கங்காய்த் தோலில் எனக்கு மட்டும் ஒரு துவையல் அரைத்தேன். தாளித்த மணம் கூடத்துக்குப் போயிற்று. இவர் டிவி சத்தத்தைக் கூட்டி வைத்தார். துவையலை நான் சாப்பிடவில்லை.

ஜூலை 8, செவ்வாய்

இவரை டயாலிசிஸ் படுக்கையில் விட்டுவிட்டு மேல் மாடிக்குப் போனேன். மாற்று அறுவைக்கான ஏற்பாடுகளைப் பார்க்கும் ஷர்மிளா என்ற பெண் வரச் சொல்லியிருந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க அதிர்ஷ்டசாலிம்மா. புருசன் பொண்டாட்டிக்கு இப்படிச் சேர்றது அபூர்வம்" என்றாள். அடுத்து என் உடம்பு முழுவதையும் பரிசோதிக்க வேண்டும், ஒரு நாள் சொல்லுங்கள் என்றாள். தலையாட்டிவிட்டு வந்தேன்.

கீழே வந்ததும் இவர் கேட்டார். "ரிசல்ட் வந்துருச்சா?"

"இன்னும் வர்லீங்க. ஒரே கூட்டமா இருக்குது."

கோவைக்காய். வேகவைத்து வடித்ததில் பச்சை நிறமே போய்விட்டது.

ஜூலை 9, புதன்

பல வருடங்களுக்கு முன்னால் என் அக்கா தங்கமணி கர்ப்பப்பையை எடுக்க ஆபரேஷனுக்குப் போனாள். சாதாரண ஆபரேஷன்தான் என்றார்கள். உள்ளே போகும்போது கம்மலைக் கழற்றி என்னிடம் கொடுத்து, "வந்து போட்டுக்கறேன்" என்றாள். மயக்கத்திலிருந்து எழுந்திருக்கவே இல்லை.

இதை எதற்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை. சாப்பாட்டுக் கணக்கு எழுதும் டைரி இது. காலை இட்லி. மதியம் சோறு, கோவைக்காய். இரவு ரவை உப்புமா, காய் இல்லாமல்.

ஜூலை 19, சனி

பையில் பாதிக்கு மேல் கீரை. மழை பெய்து கீரை பொங்கிவிட்டதாம். இவர் மேசையில் வைக்கச் சொல்லவில்லை. நானும் கேட்காமல் கல்பனா வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

ஷர்மிளா போன் செய்தாள். மகளின் பிரசவம் முடியட்டும் என்றேன். "உங்க இஷ்டம்மா. ஆனா ரொம்ப நாள் தள்ளாதீங்க" என்றாள்.

ஜூலை 29, செவ்வாய்

டயாலிசிஸ் முடிந்து வந்ததும் வாந்தி. கஞ்சி.

ஆகஸ்ட் 9, சனி

சரோஜினி அக்கா பல்லடத்திலிருந்து வந்தார்கள். நாச்சிமுத்து கொண்டுவந்த வெள்ளைப் பூசணியை நான் நறுக்கிக்கொண்டிருந்தேன். அக்கா எனக்கு எதிரே உட்கார்ந்து, நேராகவே கேட்டார்கள்.

"ஏனம்மிணி, ரத்தம் குடுத்து எத்தன நாளாச்சு? சேருதா சேரலையான்னு ஒரு வார்த்த சொல்லமாட்டேங்கற. எனக்கு மட்டும் சக்கர இல்லாம இருந்தா இந்நேரம் என்ற கிட்னிய அறுத்துக் குடுத்துருப்பேன். என்ற தம்பி எலும்பும் தோலுமா ஆயிட்டான், பாக்கறயா இல்லையா?"

கத்தி பூசணியில் பாதியில் நின்றது.

கூடத்திலிருந்து இவர் குரல் வந்தது. "அவளுக்குச் சேராதாமா அக்கா. நானே ஆஸ்பத்திரில கேட்டுட்டேன். அவள எதுக்கு நோண்டற, உடு."

அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். என் முதுகைத் தடவி, "நான் ஒரு கிறுக்கி, மனசுல வெச்சுக்காத" என்றார்கள். கிளம்பும்போது கேட் வரை போய்த் திரும்பி வந்து இன்னொரு முறையும் தடவினார்கள்.

இவர் யாரைக் கேட்டார்? எப்போது கேட்டார்? நான் எதுவும் கேட்கவில்லை. இரவுச் சாப்பாட்டில் பூசணிக்காயை நன்றாக இருக்கிறது என்றார். உப்பு போடவே மறந்திருந்தேன்.

ஆகஸ்ட் 16, சனி

புடலங்காய், முள்ளங்கி, வாழைப்பூ. இவர் வாழைப்பூவின் மடல்களை எனக்கு உரித்துக் கொடுத்தார். கையில் கறை படிந்தது. தனக்கு ஆகாது என்று தெரிந்தும் நரம்பைக் கிள்ளிக் கிள்ளிப் போட்டார்.

"நீயாச்சும் வடை பண்ணித் தின்னு நாயகி."

அன்பாகத்தான் சொன்னார். இப்போதெல்லாம் எது சொன்னாலும் அன்பாகத்தான் சொல்கிறார். முன்பு சாம்பாரில் புளி கூடினால் தட்டைத் தள்ளிவைக்கிற மனிதர். இந்த அன்பு எனக்குத் தாங்கவில்லை.

வடை செய்யவில்லை.

ஆகஸ்ட் 29, வெள்ளி

சிந்துவுக்குப் பெண் குழந்தை. இருவரும் நலம். என்னால் போக முடியவில்லை, அவளுடைய மாமியார்தான் பார்த்துக்கொள்கிறார்கள். டயாலிசிஸ் படுக்கையில் படுத்தபடியே இவர் வீடியோவில் குழந்தையைப் பார்த்தார். ஊசி குத்திய கையை அசைக்க முடியாது, இன்னொரு கையால் போன் திரையைத் தொட்டார்.

"என்ற அம்மா மாதிரியே மூக்கு" என்று பக்கத்துப் படுக்கைக்காரரிடம் காட்டினார்.

இனி நான் ஷர்மிளாவிடம் சொல்வதற்குக் காரணம் எதுவும் இல்லை.

செப்டம்பர் 2, செவ்வாய்

ஷர்மிளா போன் செய்தாள். நான் எடுக்கவில்லை.

செப்டம்பர் 7, ஞாயிறு

நேற்று எழுத முடியவில்லை. நடந்ததை எழுதுகிறேன்.

காலையில் பை வந்தது. பாகற்காய், வெண்டைக்காய், ஒரு சீப்பு பூவன் பழம். மரத்திலேயே பழுத்தது. மேசைமேல் வைத்தேன். வழக்கமாக ஆகாததை உடனே கல்பனா வீட்டுக்குக் கொடுத்துவிட்டுத்தான் கீழே என் தையல் கடையைத் திறப்பேன். நேற்றுக் கல்யாண ரவிக்கைக்கு அளவு கொடுக்க ஒரு பெண் அம்மாவோடு வந்து காத்திருந்தாள். கொடுக்க மறந்துவிட்டேன்.

மதியம் மேலே வந்தபோது இவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தட்டில் பழத்தோல்கள். ஒன்றின்மேல் ஒன்றாக ஒழுங்காக அடுக்கி வைத்திருந்தார்.

"என்ன பண்ணீட்டீங்க?" என்று கத்தினேன்.

"பசிச்சுது நாயகி. ருசியா ஏதாச்சும் திங்கோணும்னு இருந்துது. அவ்வளவுதான்."

எழுந்திருக்கப் பார்த்தார். கால் நிற்கவில்லை. நாக்குக் குழறியது. கல்பனாவின் கணவர் காரை எடுத்தார். ஆஸ்பத்திரி வாசலில் ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போதே நாடி நின்றுவிட்டது. என் கண்ணெதிரே நெஞ்சில் ஏறி அமுக்கினார்கள். விலா எலும்பு முறிகிற சத்தம் கேட்டது. திரும்ப வந்துவிட்டார்.

இப்போது ஐ.சி.யு.வில் இருக்கிறார். கல்பனா சோறு கொண்டுவந்தாள். சாப்பிட்டேன்.

செப்டம்பர் 8, திங்கள்

நேற்று எழுதியதைப் படித்துப் பார்த்தேன். மறந்துவிட்டேன் என்று எழுதியிருக்கிறேன். மேசையைத் தாண்டித்தான் படி இறங்கினேன். பழத்தின் மணம் வந்தது. அந்தப் பெண்ணும் அம்மாவும் காத்திருந்தார்கள். எடுத்துக் கொடுத்துவிட்டு வர எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

இதற்குமேல் எழுதவில்லை.

செப்டம்பர் 11, வியாழன்

வார்டுக்கு மாற்றினார்கள். மூச்சு விடும்போதெல்லாம் நெஞ்சு வலிக்கிறது என்கிறார். கஞ்சியை ஸ்பூனில் கொடுத்துக்கொண்டே சொன்னேன்.

"நான் குடுக்கறேனுங்க."

எதை என்று அவர் கேட்கவில்லை. "பயமில்லையா?" என்றார்.

"இருக்குதுங்க."

"உங்கக்கா நெனப்பு."

"ஆமாங்."

கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டார் என்று நினைத்தேன். "அந்தப் புள்ள ஷர்மிளா சூலையிலேயே என்ற போனுக்கும் கூப்புட்டுச்சு. வீட்டுக்காரம்மா எப்ப வர்றாங்கன்னு கேட்டுச்சு. அன்னிக்கே எனக்குத் தெரியும்" என்றார்.

"அப்ப என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமுங்களே."

"கேட்டா நீ குடுத்துருவ. அதான் கேக்கல."

கஞ்சி ஆறிவிட்டது. சுடவைத்துத் தருகிறேன் என்று வெளியே வந்து, வராந்தாவில் கை கழுவும் இடத்தில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன்.

செப்டம்பர் 12, வெள்ளி

ஷர்மிளாவிடம் போய்ச் சொன்னேன். அவள் இந்தத் தடவை என் கையைப் பிடிக்கவில்லை. "டாக்டர்கிட்ட பேசிட்டுச் சொல்றேம்மா" என்றாள்.

செப்டம்பர் 20, சனி

வீட்டுக்கு வந்துவிட்டோம். போன வாரப் பையை நாச்சிமுத்து கேட்டிலேயே மாட்டிவிட்டுப் போயிருக்கிறார். உள்ளே எல்லாம் அழுகிக் கிடந்தது. இன்று புதுப் பை கொண்டுவந்தவர் இவரைப் பார்த்ததும் பையைக் கீழே வைத்துவிட்டு அப்படியே நின்றுவிட்டார். நடந்ததைச் சொன்னேன்.

"எனக்கு ஒரு வார்த்த சொல்லலீங்களே. ஆகாததையெல்லாம் கொண்டாந்து கொண்டாந்து குடுத்துருக்கறேன்."

"உங்க மேல என்னங்க தப்பு?" என்றார் இவர். "மண்ணு குடுக்கறதத்தான நீங்க குடுப்பீங்க. உக்காருங்க, காப்பி குடிங்க."

காபி குடித்துவிட்டுப் போனார். இனி ஆகிற காய் என்னவென்று சொன்னால் அதை மட்டும் கொண்டுவருகிறேன் என்றார். இவர் வேண்டாம் என்றுவிட்டார். மற்றவர்களுக்கு என்ன வருகிறதோ அதுவே எங்களுக்கும் வரட்டும் என்றார்.

பீன்ஸ், முட்டைக்கோஸ். இரண்டும் ஆகும்.

செப்டம்பர் 26, வெள்ளி

என் பரிசோதனை எல்லாம் முடிந்தது. எனக்கு எந்தக் குறையும் இல்லை. நல்ல உடம்பு என்றார் டாக்டர்.

பிறகு இவருடைய எக்கோ படத்தை எடுத்து வைத்துக்கொண்டு பேசினார். அன்றைக்கு நின்று திரும்பியதில் இதயம் பாதிக்கப்பட்டிருக்கிறது. முன்பு இருந்ததில் பாதிதான் இப்போது வேலை செய்கிறது. மயக்க மருந்தைத் தாங்காது.

"மருந்து குடுத்துப் பாப்போம். ஆறு மாசம் கழிச்சுத் திரும்பப் படம் எடுப்போம். ஆனா அத நம்பி இருக்காதீங்க."

"சூலையில பண்ணியிருந்தா?" என்று கேட்டேன்.

டாக்டர் பதில் சொல்வதற்குள் இவர் குறுக்கே பேசினார். "அதெல்லாம் இப்ப எதுக்கு டாக்டர். போச்சாது, உடுங்க."

வீட்டுக்கு வரும்வரை ஆட்டோவில் என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தார்.

செப்டம்பர் 27, சனி

பை வந்தது. பிரிக்கவில்லை.

அக்டோபர் 3, வெள்ளி

டயாலிசிஸ். பீன்ஸ். முட்டை வெள்ளைக்கரு.

அக்டோபர் 12, ஞாயிறு

சரோஜினி அக்காவிடம் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று போனை எடுத்தேன். "சொல்லாத" என்றார் இவர். "அவளுக்குத் தெரிஞ்சா எனக்கப்புறம் உன்னைய எட்டிப் பாக்க ஒரு ஆளு இருக்காது."

போனை வைத்துவிட்டேன். தனக்குப் பின்னால் நடக்கப்போவதை எல்லாம் அவர் யோசித்துவைத்திருக்கிறார்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. சிந்து குழந்தையோடு வந்திருக்கிறாள். குழந்தைக்கு மகிழினி என்று பெயர். இவர் மடியில் தலையணை வைத்து, அதன்மேல் குழந்தையைப் போட்டுக்கொண்டு மதியம் முழுவதும் உட்கார்ந்திருந்தார். சிந்து அடுப்படியில் நான் பீர்க்கங்காயை வடித்துக் கொட்டுவதைப் பார்த்துவிட்டு, "ருசி பூராத்தயும் சிங்க்ல ஊத்தறயேம்மா" என்றாள். விளையாட்டாகத்தான் சொன்னாள். என் முகத்தைப் பார்த்ததும் பின்னால் வந்து கட்டிக்கொண்டாள்.

அவளுக்கும் எதுவும் தெரியாது.

நவம்பர் 1, சனி

பீர்க்கங்காய் ஓய்ந்துவிட்டது. பையில் முழுக்கச் சர்க்கரைவள்ளிக் கிழங்கு. சிவப்புத் தோலில் ஈரமண். இவருக்கு ஆகாதவற்றில் முதல் வரிசையில் இருப்பது. கல்பனாவுக்கு எடுத்துவைத்தேன். இவர் ஒன்றை மட்டும் கையில் வைத்துக்கொண்டு பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

நவம்பர் 4, செவ்வாய்

டயாலிசிஸ் நர்ஸ் பிரிசில்லாவிடம் போன வெள்ளிக்கிழமை ஒன்று கேட்டிருந்தேன். மெஷினில் போட்ட முதல் மணி நேரத்தில் ஆகாத பொருளைக் கொஞ்சமாகச் சாப்பிட்டால் மெஷின் எடுத்துவிடும் என்று பக்கத்துப் படுக்கைக்காரரின் மனைவி சொன்னாள். உண்மையா என்று கேட்டேன். டாக்டரிடம் கேட்டுச் சொல்வதாகச் சொன்னாள். நேற்று போன் செய்து, "ரெண்டு துண்டு. அதுக்குமேல கூடாது" என்றாள்.

காலையில் ஒரு கிழங்கை மட்டும் எடுத்து நறுக்காமல், ஊறவைக்காமல், வடிக்காமல், இட்லிப் பானையில் ஆவியில் வேகவைத்தேன். ஐந்து மாதத்தில் தண்ணீரைக் கொட்டாமல் இவருக்கு நான் சமைத்த ஒரே காய் இதுதான். தோலை உரிக்கும்போது விரல் சுட்டது. டப்பாவில் போட்டுத் துணி சுற்றி எடுத்துப்போனேன்.

ஊசி குத்தி, மெஷின் ஓட ஆரம்பித்து, ரத்தம் குழாயில் வெளியே வந்து திரும்பிப் போகத் தொடங்கியதும் பிரிசில்லா என்னைப் பார்த்துத் தலையசைத்தாள். டப்பாவைத் திறந்தேன். முதல் துண்டை வாயில் வைத்தேன். மெல்லாமல் அப்படியே வைத்திருந்தார். பிறகு மென்றார். கண்ணோரத்தில் தண்ணீர் வந்து காதுப் பக்கம் ஓடியது. துடைத்துவிட்டேன்.

"எப்பிடியிருக்குதுங்க?"

"இனிப்பா இருக்குது" என்றார்.

இரண்டாவது துண்டைப் பாதியாக்கி என்னையும் தின்னச் சொன்னார். வேண்டாம் என்றேன், அவருக்கு இருப்பதே இரண்டு துண்டு. "தின்னு நாயகி. தனியா எனக்கு எறங்காது." தின்றேன்.

அப்போதுதான் நாச்சிமுத்து போன் செய்தார். பங்குக் காலம் இந்த மாதத்தோடு முடிகிறது, அடுத்த வருடத்துக்குத் தொடர்கிறோமா என்று கேட்டார். போனைக் கையால் மூடிக்கொண்டு இவரிடம் சொன்னேன்.

"அடுத்த வருசத்துக்கா?" என்று சிரித்தார். சிரித்ததில் நெஞ்சு வலித்து, கையை வைத்துக்கொண்டார்.

"ஆறு மாசத்துக்கு மட்டும் போடலாமுங்களா?"

"வருசத்துக்கே போடு. நீ திங்கோணுமில்ல."

போனைக் காதில் வைத்து, "ஒரு வருசத்துக்குப் போட்டுக்குங்க" என்றேன்.

"சரீங்க. பை ஒரு ஆளுக்குங்களா, ரெண்டு ஆளுக்குங்களா?" என்று கேட்டார் நாச்சிமுத்து. எல்லாரிடமும் கேட்கிற கேள்விதான்.

இவர் கண்ணை மூடியிருந்தார். வாய் இன்னும் மென்றுகொண்டிருந்தது.

"ரெண்டு ஆளுக்குத்தானுங்க" என்றேன்.